அவிழ்த்த கூந்தல்

அன்புள்ள ஐயா,

கல்லூரி விடுமுறையில் 'பாகுபலி' இரண்டாம் பாகத்தை அப்பாவோடு மறுபடி டிவியில் பார்த்தேன். பனைமரத்தை வளைத்து வீரர்கள் கோட்டைக்குள் பறந்தபோது அப்பா சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. இது முதல் பாகத்தைவிட மேலா, கீழா? குறை எங்கே?

வாசகி, நகரி

அன்பு மகளே,

ஆந்திர எல்லையிலிருக்கும் நகரி என்று பார்த்ததுமே எழுத உட்கார்ந்துவிட்டேன். என் ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

மேலா, கீழா என்ற கணக்கை விடு. 2015இல், முதல் பாகத்தில், கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றான் என்று கேட்க வைத்தார்கள். 2017இல் ராஜமாதா சிவகாமியின் கட்டளை என்றார்கள். பதில் தெரிந்த பிறகும் கட்டப்பாவாக வரும் சத்யராஜ் வாளை ஓங்கும்போது நெஞ்சு பதறுகிறதே, அது பெரிய வேலை. கிராபிக்ஸைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது.

நீ அழுததில் தப்பே இல்லை. அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்: சிரிக்கக் கூடாது. நம் பக்கத்துப் பாரதக் கூத்துத் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு ஏறுவதும் பனைமரத்தில்தான். உச்சியிலிருந்து விழும் எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளையில்லாத பெண்கள் முந்தானை விரித்து நிற்பார்கள். அந்த மண்ணில் பிறந்துவிட்டு, சினிமாவில் மரம் வளைந்தால் கணக்குப் பார்ப்பதா?

எனக்கு ஆறாத குறை, தமன்னா நடித்த அவந்திகா. சிறையில் கிடக்கும் தேவசேனையை மீட்பேன் என்று சபதம் போட்டவள் அவள். முதல் பாகத்திலேயே அந்தச் சபதத்தை நாயகன் கையில் எடுத்துக்கொண்டான். சரி, அடுத்ததில் அவளுக்கு ஏதாவது செய்வார்கள் என்று காத்திருந்தேன். கடைசிப் போரில் கூட்டத்தில் ஒருத்தியாக வந்து போகிறாள். தேவசேனை 25 வருஷம் பொறுக்கிய சுள்ளியில், அவளைச் சிறைவைத்த பல்லாளதேவன் எரிகிறான். அவள் சபதம் தீர்ந்தது. இவளுடையது?

ஒரு வருஷம் எங்கள் ஊர்ப் பாரதத்தில், துரியோதனன் வீழும் படுகளத்தன்று மழை பிடித்துக்கொண்டது. அவனுடைய மண் உருவம் கரைந்து, தொடையில் ஊற்றியிருந்த சிவப்புச் சாயம் வாய்க்காலில் ஓடியது. கூத்துக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். பாஞ்சாலி இன்னும் கூந்தல் முடியவில்லை. என் ஆயா சேற்றிலேயே உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பெண்கள். சூதாட்டத்தன்று அவிழ்த்த கூந்தலை முடியாமல் எப்படி வீட்டுக்குப் போவது என்று தமிழிலும் தெலுங்கிலும் சத்தம் போட்டார்கள். பாஞ்சாலி வேஷக்காரர் நனைந்த டோப்பாவை மறுபடி மாட்டிக்கொண்டு வந்தார். வைக்கப் பூ இல்லை. ஆயா தன் கொண்டையிலிருந்த கதம்பத்தை உருவி நீட்டினாள். அவர் முடித்து, வைத்துக்கொண்ட பிறகுதான் எழுந்தாள்.