எழுத்துருவை நிரலாக எழுத முடியுமா?

கேள்வி: எழுத்துருக்களைக் கையால் வரையாமல், நிரல் எழுதியே உருவாக்கலாம் என்கிறார்களே, அது எப்படி? தமிழுக்கு அது ஒத்துவருமா?
– கல்லூரி மாணவி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: உருவாக்கலாம், உருவாக்கியும் இருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத், தம் கணினியியல் நூலின் இரண்டாம் தொகுதியைத் திருத்திப் பதிப்பித்தபோது, 1977இல் கைக்கு வந்த அச்சு மெய்ப்புகளைப் பார்த்து மனம் நொந்தார். முதற்பதிப்பின் ஈய எழுத்துகளில் இருந்த அழகு புதிய ஒளி அச்சுக்கோப்பில் காணாமற்போயிருந்தது. அந்த வருத்தத்தில் பிறந்த நிரல்மொழிதான் மெட்டாஃபாண்ட்.

கோலம் போடுகிறவர் முதலில் புள்ளி வைத்துப் பிறகு கம்பி இழுப்பதைப் போன்றது இதன் வேலை. ஆனால், புள்ளி எங்கே விழவேண்டும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதுகிறோம்: ‘இந்தப் புள்ளி அவ்விரண்டுக்கும் நட்டநடுவில் இருக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டால், கணக்கைப் போட்டு இடத்தைக் கண்டுபிடிப்பது கணினியின் பொறுப்பு. பிறகு, நாம் சொல்லும் அகலமும் சாய்வும் கொண்ட ஒரு பேனா முனை அப்புள்ளிகள் வழியே வளைந்து செல்லும். கனூத்தின் ‘கம்ப்யூட்டர் மாடர்ன்’ எழுத்துருக் குடும்பத்தில் 62 அளவுருக்கள் உள்ளன. கோட்டின் தடிமன், எழுத்தின் அகலம் போன்ற இவற்றை மாற்றினால், அதே நிரல்களிலிருந்து தடித்த எழுத்தும் தட்டச்சு எழுத்தும் கிடைக்கும். 5 புள்ளி (அச்செழுத்தின் அளவைக் குறிக்கும் அலகு) எழுத்துங்கூட 10 புள்ளி எழுத்தின் வெறும் பாதியாக அமையாமல், கண்ணுக்குத் தெரியும்படி விகிதத்தில் சற்று அகன்று வரும். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

இருந்தும் எழுத்துரு வடிவமைப்பாளர்கள் பெரும்பாலோர் இதன் பக்கம் வரவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்துத் திருத்திப் பழகிய கைக்குச் சமன்பாடு எழுதுவது சுமை. ஆங்கில எஸ் எழுத்தின் வளைவு ஒன்றுக்காகவே கனூத் 1980இல் தனிக்கட்டுரை எழுத வேண்டியிருந்தது என்றால் பாருங்கள். மேலும், மெட்டாஃபாண்ட் குறிப்பிட்ட அச்சுப்பொறிக்கேற்ற புள்ளிப் படங்களைத் தந்தது. எந்த அளவுக்கும் விரியக்கூடிய புறக்கோட்டு எழுத்துருக்கள் பரவியதும் அது பின்தங்கியது. 2016இல் அறிமுகமான, ஒரே கோப்பிலிருந்து தடிமன், அகலம் போன்றவற்றை மாற்றிக்கொள்ளக்கூடிய மாறும் எழுத்துருக்களை அதன் வாரிசு என்பார்கள். பாதி உண்மைதான்: அவை வடிவமைப்பாளர் வரைந்து கொடுத்த எல்லைகளுக்கு இடைப்பட்ட வடிவங்களைத்தான் கணக்கிட்டுத் தருகின்றன.

தமிழுக்கு ஒத்துவரும். தாமஸ் ரிட்ஜ்வே உருவாக்கிய ‘வாஷிங்டன் தமிழ்’ எழுத்துருவே மெட்டாஃபாண்டில் எழுதப்பட்டதுதான். இரண்டு சுழி ‘ன’வுக்கும் மூன்று சுழி ‘ண’வுக்கும் சுழியை ஒருமுறை எழுதிவிட்டு, வேண்டிய தடவை அழைத்துக்கொள்ளலாம், கொம்பும் காலும் அப்படியே. தடுமாற்றம் உகர வரிசையில்தான் வரும். ‘கு’, ‘சு’, ‘து’, ‘மு’ ஆகியவற்றில் உகரக்குறி ஒவ்வொரு மெய்யோடும் ஒவ்வொரு விதமாக ஒட்டிக்கொள்வதால், அவற்றுக்குப் பொதுவிதி தேடி நேரத்தை வீணாக்காமல் தனித்தனி நிரலாகவே எழுதிவிடுங்கள்.