மூன்று தலை, ஒரு கீபோர்டு

வணக்கம் சார்,

நான் மூன்றாமாண்டு கணினி அறிவியல் மாணவன். கல்லூரி அணிகளுக்கான ஐசிபிசி என்ற உலகளாவிய புரோகிராமிங் போட்டிக்காக மூன்று பேர் ஓர் அணியாக ஒன்றரை வருடமாகப் பயிற்சி எடுக்கிறோம். மூவரில் வேகமாகக் கோட் எழுதுபவன் நான்தான். அதனால் கீபோர்டு பெரும்பாலும் என்னிடமே இருக்கும். மற்ற இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். போன மாதப் போட்டியில், கோட் எழுதித் தீர்க்க வேண்டிய கணக்குகளில் நான்குதான் முடிந்தது. ஆன்லைனில் தனியாக உட்கார்ந்தால் அந்த நான்கை நானே போட்டுவிடுவேன். அணியை மாற்றிவிடலாமா? பெயர் வேண்டாம் சார்.

அன்புள்ள நண்பருக்கு,

அணியை மாற்றுவது இருக்கட்டும். ‘பார்த்துக்கொண்டிருப்பார்கள்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

மூன்று பேர், ஐந்து மணி நேரம், பத்துப் பன்னிரண்டு கணக்குகள், ஒரே ஒரு கணினி. யோசிப்பதற்கு மூவருக்குமாகப் பதினைந்து மணி நேரம் இருக்கிறது; தட்டுவதற்கு ஐந்துதான். திரைக்கு முன்னால் உட்கார்ந்து மோவாயைத் தடவிக்கொண்டு யோசிக்கிறீர்கள் என்றால், அந்த ஐந்திலிருந்து எடுத்துச் செலவழிக்கிறீர்கள். தனியாக ஆடும்போது இது உறைக்காது, அங்கே கணினிக்கு வரிசையில் யாரும் நிற்பதில்லை.

நானும் படிக்கும்போது இப்படித்தான் இருந்தேன். ஒரு போட்டியில், 2 லட்சம் எண்கள் கொடுத்து, குறிப்பிட்ட விதமான ஜோடிகள் எத்தனை என்று கேட்டிருந்தார்கள். எழுதி அனுப்பினேன், தவறு என்று வந்தது. வரிக்கு வரி விடையைத் திரையில் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன், மறுபடி அனுப்பினேன், மறுபடி தவறு. நாற்பது நிமிடம் போயிருக்கும். பக்கத்தில் இருந்தவன் அதற்குள் இன்னொரு கணக்கின் விடையைத் தாளில் முழுதாக எழுதி வைத்துவிட்டு, என்னை எழுப்பக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கிறான்! கடைசியில் அவன்தான் கேட்டான்: “விடை அதிகபட்சம் எவ்வளவுடா வரும்?” 2 லட்சத்தில் ஜோடிகள் ஏறத்தாழ 2,000 கோடி. விடையைச் சேமிக்க நான் வைத்திருந்த ‘இன்ட்’ என்ற எண் வகை தாங்குவது 214 கோடிச் சொச்சம்தான். அதை, இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் ‘லாங் லாங்’ வகை ஆக்கியதும் பலூன் வந்தது. (ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் மேஜையில் ஒரு பலூன் கட்டுவார்கள், ஒரு கணக்குக்கு ஒரு நிறம். இருபது வயதில் பலூனுக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கே வியப்புதான்.)

தவறு என்று வந்தவுடன் எழுதிய கோட் முழுவதையும் தாளில் அச்செடுத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். அச்செடுக்கும் வசதியை வைத்திருப்பதே அதற்காகத்தான். நாற்காலி அடுத்தவருக்கு, பேனாவும் தாளும் உங்களுக்கு. அந்தக் கோட் எழுதாத ஒருவர் கூடவே வாசித்தால் இன்னும் நல்லது. எழுதியவர் கண்ணுக்குத் தான் நினைத்ததுதான் தெரியும், எழுதியது தெரியாது.

அப்புறம் மதிப்பெண் முறை. முதலில் எத்தனை கணக்கு என்று பார்ப்பார்கள், அது சமமானால் நேரம். ஒவ்வொரு கணக்கும் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது நிமிடத்தில் முடிந்தது என்று கூட்டி, முடித்த கணக்கில் தவறாக அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் சேர்ப்பார்கள். 10 நிமிட வேலையும் 90 நிமிட வேலையும் கையில் இருந்தால், சின்னதை முதலில் முடித்தால் 10-உம் 100-உமாக 110. பெரியதில் கை வைத்தால் 90-உம் 100-உமாக 190. எது சின்னது என்பதுதான் கேள்வி, ஏனென்றால் கணக்குகளை எளிமை வரிசையில் அடுக்கித் தரமாட்டார்கள். தொடக்கத்திலேயே ஒருவர் முன்னாலிருந்து, ஒருவர் நடுவிலிருந்து, ஒருவர் பின்னாலிருந்து வாசித்தால்தான் தெரியும். பிற அணிகளின் மேஜையில் எந்த நிறம் அதிகம் ஏறுகிறது என்றும் ஒரு கண் வைக்கலாம். உங்கள் நண்பர்கள் வாசித்தார்களா, அல்லது உங்கள் திரையைத்தான் வாசித்தார்களா?

ஒருவர் அசாத்தியத் திறமைசாலியாக இருந்தால் பயனில்லை என்று சொல்லமாட்டேன். பெலாரூசைச் சேர்ந்த கெனாடி கொரொத்கேவிச் இருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஐடிஎம்ஓ பல்கலைக்கழக அணி 2013-இலும் 2015-இலும் உலகப் பட்டம் வென்றது. இரண்டு முறையும் கூட ஆடியவர்கள் வேறு வேறு. ஆனால் நீங்கள் தனியாகப் போடுவதும் நான்கு, மூவராகப் போட்டதும் நான்கு என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். மற்ற இருவர் போட்ட கணக்கு பூஜ்யம் என்றுதானே அர்த்தம்? அவர்களுக்குக் கீபோர்டு கிடைத்திருந்தால் அது பூஜ்யமாகவே இருந்திருக்குமா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுத்த மூன்று பயிற்சிகளில், தாளில் விடை முழுதாக முடியாமல் யாரும் நாற்காலியில் உட்காரக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மணி நேரம் நீங்கள் கீபோர்டைத் தொடவே வேண்டாம். கை பரபரக்கும், தெரியும். அப்போதும் நான்கைத் தாண்டவில்லை என்றால் எழுதுங்கள், அணி மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.