வாசலில் கூடு, வீட்டுக்குள் பூனை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மாசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த ரகம்தான். வாசலில் குருவி கூடு கட்டியிருக்கிறது, வீட்டில் பூனை இருக்கிறது, என்ன செய்வது? இம்முறை வந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: போர்டிகோவில் தொங்கும் மணி பிளான்ட் தொட்டிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டி 3 முட்டை இட்டிருக்கிறது. எங்கள் பூனை கீழேயே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறது. தொட்டியை மொட்டை மாடிக்கு மாற்றலாமா? (கும்பகோணம்)

வேண்டாம். தாய்க்குருவி பழைய இடத்தைத்தான் தேடி வரும். தொட்டி அங்கே இல்லையென்றால் சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டுக் கைவிட்டுவிடும். மொட்டை மாடி வெயிலில் முட்டையும் கெட்டுப்போகும்.

தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பூனை ஏறுவதற்குத் தோதாகக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்கூட்டர், செருப்பு ஸ்டாண்ட், ஊஞ்சல், ஜன்னல் கிரில் எல்லாமே அதற்குப் படிக்கட்டுதான். தரையிலிருந்தே ஐந்தடி சாதாரணமாகத் தாவும். ஸ்கூட்டர் சீட்டில் ஏறி நின்றால் கணக்கே வேறு.

முட்டை பொரிய ஏறக்குறைய 2 வாரம், குஞ்சு கூட்டைவிட்டு இறங்க அதற்குமேல் 12 நாள் போல ஆகும். கூடு காலியானதும் பலரும் 'அப்பாடா' என்று பூனையை வெளியே விட்டுவிடுகிறார்கள். ஆபத்தே அப்போதுதான். இறங்கிய குஞ்சுக்கு முதல் சில நாள் சரியாகப் பறக்க வராது. ஏதாவது செடி மறைவில் உட்கார்ந்துகொண்டு இரை கேட்டுக் கத்தும், பூனைக்கு அதைக் கண்டுபிடிக்கப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. பூனையை ஒரு வாரம்தான் உள்ளே அடைத்துவைக்க முடியும் என்றால் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், நாளைக்கு நாலு தடவை ஸ்டூல் போட்டு ஏறிப் படம் எடுக்காதீர்கள். நீங்கள் எதை எட்டிப் பார்க்கிறீர்கள் என்று எதிர்வீட்டு மதில் மேல் இருக்கும் காக்காய் பார்த்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: பூனை கழுத்தில் மணி கட்டினால் போதுமா? (திருநெல்வேலி)

மணியை மட்டும் நம்ப வேண்டாம். அசையாமல் பதுங்கிக் கடைசி நொடியில் பாயும் பிராணிக்கு மணி எங்கே ஒலிக்கும்? முட்டைக்கும் கூட்டுக் குஞ்சுக்கும் மணி கேட்டுத்தான் என்ன பயன்!

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் 355 பூனைகளை வைத்து இதைச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். மணியால் சொல்லும்படி பலன் தெரியவில்லை. பளிச்சென்ற நிறத் துணிப் பட்டையைக் கழுத்தில் மாட்டியதில் பூனைகள் வீட்டுக்குப் பிடித்துவந்த பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் பட்டது வேறு. தானியம் கலக்காத, இறைச்சி மிகுந்த தீனி கொடுத்ததில் பூனைகள் கொண்டுவந்த இரை மொத்தத்தில் 36 சதவீதம் குறைந்தது. தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டியதில் 25 சதவீதம்.

நம் வீடுகளில் பால்சோறும் தயிர்சோறும்தானே போடுகிறோம்? பூனைக்குக் கட்டாயம் இறைச்சிச் சத்து வேண்டும், சோற்றால் வயிறு மட்டும்தான் நிறையும். அவித்த மத்தியோ எலும்பில்லாத கோழியோ சேருங்கள். குச்சியில் பழைய ஷூ லேஸைக் கட்டி மாலையில் கொஞ்சம் ஓடவிடுங்கள். கழுத்துப் பட்டை எதுவானாலும் கிளையில் மாட்டி இழுத்தால் தானே கழன்றுவிடும் ரகமாக இருக்க வேண்டும்.

கேள்வி: கருத்தடை செய்தால் வேட்டையை விட்டுவிடுமா? (ஓசூர்)

விடாது. அலைச்சல் குறையும், குட்டிகள் பெருகாது. அதற்காகவே செய்யலாம்.

கேள்வி: தோட்டத்துத் தரையில் ஒரு குஞ்சு கிடக்கிறது. கையால் தொட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்கிறாள் என் மாமியார். என்ன செய்வது? (கோவை)

மாமியார் சொல்வது ஊரெங்கும் உள்ள நம்பிக்கைதான், ஆனால் மனித வாடைக்காகப் பறவை குஞ்சை ஒதுக்குவதில்லை. முதலில் குஞ்சைப் பாருங்கள். உடம்பு மூடச் சிறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போகிறதா? அது விழுந்த குஞ்சு இல்லை, இறங்கிய குஞ்சு. பெற்றோர் பக்கத்திலேயே இருப்பார்கள். பக்கத்துச் செம்பருத்திப் புதரிலோ தாழ்ந்த கிளையிலோ உட்கார வைத்துவிட்டு, பூனையை உள்ளே அடைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தோலும் பூஞ்சை முடியுமாக, கண் திறவாமல் இருந்தால்தான் அது விழுந்தது. கூடு தெரிந்தால் அதில் திருப்பி வையுங்கள். கூடே பிய்ந்து விழுந்திருந்தால், தேங்காய் நார் இட்ட சின்ன மூங்கில் கூடையை அதே கிளையில் கட்டி, அதில் குஞ்சை வையுங்கள்.

பாலும் பிரெட்டும் ஊட்டாதீர்கள். வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

கேள்வி: பூனை வாயிலிருந்து ஒரு புறாவைப் பிடுங்கிவிட்டோம். ரத்தம் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது. பறக்க விட்டுவிடலாமா? (சென்னை)

உடனே விடாதீர்கள். பூனையின் பல் ஊசி போல, குத்திய இடம் இறகுக்குள் தெரியவே தெரியாது. அதன் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி பறவையின் ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் ஆளை முடித்துவிடும். காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டாகச் சத்தமில்லாத இடத்தில் வைத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். 'பூனை கடித்தது' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஆன்டிபயாட்டிக் தேவை என்று அவருக்குப் புரிந்துவிடும். பூனை உங்களையும் கடித்திருந்தால் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு நீங்களும் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: எங்களுக்குப் பூனை கிடையாது, தெருப் பூனைதான் மாமரம் ஏறிக் கூட்டைக் கலைக்கிறது. (மதுரை)

அடிமரத்தில் ஆறடி உயரத்தில், இரண்டடி அகலத் தகரத்தைச் சுற்றிக் கட்டுங்கள், நகம் பிடிக்காது. ஆனால் மதிலிலிருந்தோ ஓட்டிலிருந்தோ கிளைக்குத் தாவ வழி இருந்தால் தகரம் வீண். பறவைக்குத் தண்ணீர் வைக்கும் தட்டையும் புதருக்கு இரண்டு மீட்டராவது தள்ளி வெட்டவெளியில் வையுங்கள். தவிட்டுக்குருவிகளும் அணிலும் சேர்ந்து ஒரே திசையைப் பார்த்துக் கத்தினால் எழுந்து போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பூனையாக இருக்கும், சில சமயம் பாம்பு, அதனால் காலைப் பார்த்து வையுங்கள்.

கேள்வி: சிட்டுக்குருவிப் பெட்டி வாங்கியிருக்கிறோம். எங்கே மாட்டலாம்? (ஈரோடு)

எட்டுப் பத்தடி உயரத்தில், வெறும் சுவரில், சன்ஷேடுக்கு அடியில். துளை 32 மில்லிமீட்டர் இருந்தால் போதும். துளைக்குக் கீழே உட்காரக் குச்சி வைத்திருந்தால் அதைப் பிடுங்கிவிடுங்கள், குருவிக்கு அது தேவையில்லை.

கேள்வி: ஏசியின் வெளி யூனிட்டுக்குப் பின்னால் மைனா கூடு. பூனையும் அங்கேயே சுற்றுகிறது. கூட்டை எடுத்துப் போட்டுவிடலாமா? (திருச்சி)

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டையில்தான் சேரும். ஒன்றரை மாதம் பொறுங்கள். பூனை அந்த யூனிட் மேல் ஏறும் வழியை மட்டும் அடைத்துவையுங்கள். குஞ்சுகள் போன பிறகு சுத்தம் செய்து, இடைவெளியில் கம்பிவலை அடித்துவிடலாம். அதுவரை ஏசி போடலாமா என்றால், குச்சிகள் விசிறிக்குள் போகாத தூரத்தில் கூடு இருந்தால் தாராளமாகப் போடலாம். மைனா அந்தச் சத்தத்துக்கெல்லாம் அசராது.