கணவன் மனைவி இருவருமாக வெளிநாட்டில் சைக்கிளிலேயே நெடுந்தூரம் போய், கூடாரத்தில் தங்கிப் பயணம் செய்வது எவ்வளவு கஷ்டம்? யாருக்காவது அனுபவம் உண்டா?

உண்டு. 2022 ஜூன் மாதம் நானும் கணவரும் ஐஸ்லாந்தைச் சைக்கிளில் சுற்றினோம். தீவை வளைத்துப் போகும் ஒன்றாம் எண் சாலையை ரிங் ரோடு என்பார்கள். நீளம் சுமார் 1320 கிலோமீட்டர். எங்களுக்கு 26 நாள் பிடித்தது. முழு வளையமும் ஓட்டினீர்களா என்று கேட்டால், இல்லை. நடுவில் 22 கிலோமீட்டருக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. கஷ்டம் எவ்வளவு என்று கேட்டதால் அந்த ஓட்டையைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் எங்கள் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறோம். காய்கறி வாங்கவும் சைக்கிள், ஆபீசுக்கும் சைக்கிள். அதனால் சைக்கிள் என்றால் நமக்குத் தெரியாதா என்று ஒரு தலைக்கனம். ஆனால் நாங்கள் ஓட்டிப் பழகிய அந்தத் தட்டை நிலத்தில் மிக உயரமான மேடே 322 மீட்டர்தான். அதற்கும் நாங்கள் போனதில்லை. பயிற்சி என்று எடுத்துக்கொண்டால், இரண்டு வார இறுதிகளில் மூட்டை கட்டிக்கொண்டு போய் ஒரு முகாமில் தூங்கிவிட்டு வந்தோம். அவ்வளவுதான். ஐஸ்லாந்தும் ஷெங்கன் நாடு என்பதால் விசா அலைச்சல் இல்லை, விமானம் மூன்று மணி நேரத்தில் இறக்கிவிடும். இதெல்லாம் சேர்ந்து காரியத்தைச் சுலபமாகக் காட்டிவிட்டது.

அவர் சைக்கிளில் 24 கிலோ சுமை, என்னுடையதில் 17. கூடாரம், அடுப்பு, கருவிகள் எல்லாம் அவரிடம். உடை, படுக்கைப் பை, சாப்பாடு என்னிடம். சாப்பாட்டில் என் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன். காற்றில் அரிசி வேகவைத்தால் கேஸ் அத்தனையும் அதற்கே போய்விடும். அவலுக்கு அந்தத் தொல்லை இல்லை. வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் முடிந்தது. மூன்று கிலோ கெட்டி அவலும் ஒரு பெரிய பாட்டில் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனேன். பக்கத்துக் கூடாரக்காரர்கள் பொட்டலத்து நூடுல்ஸ் சாப்பிடும்போது நாங்கள் புளி அவல் சாப்பிட்டோம். கேஸ் சிலிண்டரை விமானத்தில் கொண்டுபோக முடியாது, ஆனால் தலைநகர் ரெய்க்யவிக் முகாமில் ஒரு அலமாரி உண்டு. ஊர் திரும்புகிறவர்கள் மிச்சமான சிலிண்டர், உப்பு, பாஸ்தா எல்லாவற்றையும் அதில் விட்டுப் போவார்கள், புதிதாக வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் முதல் சிலிண்டர் அப்படிக் கிடைத்ததுதான்.

கிளம்பும் முன் எல்லாரும் குளிரைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். ஜூனில் பகலில் பத்து டிகிரி அளவில் இருக்கும், இரவில் நாலைந்து. அதுவும் இரவு என்று ஒன்று இருட்டிக்கொண்டு வராது. குளிருக்கு உடை இருக்கிறது, மழைக்கும் இருக்கிறது. காற்றுக்கு என்ன உடை போடுவது? அந்த நாட்டு வானிலைத் துறை காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்றுதான் சொல்லும். முதல் நாள் 10 என்று பார்த்துவிட்டு, பத்துதானே என்று கிளம்பிவிட்டோம். அதை 3.6 ஆல் பெருக்க வேண்டும் என்பது சாயங்காலம் உறைத்தது. 10 என்றால் மணிக்கு 36 கிலோமீட்டர், 15 என்றால் 54. காற்று இரண்டு மடங்கானால் அது நெஞ்சில் தள்ளும் விசை நாலு மடங்காகும். மறைவுக்கு மரமும் கிடையாது. மேடு ஏறினால் எப்படியும் ஒரு இறக்கம் வரும். எதிர்க்காற்றில் நாள் முழுக்க மிதித்தாலும் கைக்கு ஒன்றும் மிஞ்சாது.

தென்கரையோரம் முதல் ஐந்து நாள் நன்றாகவே போயிற்று. வீக் என்ற ஊரில் பொது நீச்சல் குளத்துக்குப் போனோம். அங்கே சின்ன ஊரில்கூட ஒரு குளம் இருக்கும், பக்கத்திலேயே 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியும் இருக்கும். ஆனால் உள்ளே இறங்கும் முன் நீச்சல் உடை எதுவும் இல்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். பெண்களுக்குத் தனி இடம்தான், இருந்தாலும் நம் வளர்ப்புக்கு அது பெரிய பரீட்சை. பத்து நிமிடம் துண்டைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் என்னைச் சட்டை செய்யாமல் பாடிக்கொண்டே குளித்துவிட்டுப் போனார். மூன்றாவது ஊரில் நானும் பாடாத குறைதான்.

சரி, ஓட்டைக்கு வருகிறேன். க்லோய்ஸ்தூர் என்ற சிற்றூரிலிருந்து ஸ்காப்டாபெல் முகாமுக்குக் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர். நடுவில் ஸ்கெய்தாரார்சாந்தூர் என்ற கறுப்பு மணல்வெளி. பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடிக்கும்போது உருகி வரும் வெள்ளம் கொண்டுவந்து பரப்பிய மண் அது. ரிங் ரோடு முழு வளையமாக மூடியதே 1974இல், இந்த மணல்வெளி ஆறுகளின் மேல் பாலங்கள் கட்டி முடித்த பிறகுதான். சாலை போடுகிறவர்களையே அத்தனை காலம் காக்க வைத்த இடம்.

அன்று கிழக்கிலிருந்து காற்று. நாங்களும் கிழக்கே போகிறோம். காலையில் 11 காட்டியது, மதியத்துக்குள் குறையும் என்றும் காட்டியது. லோமாக்னூபூர் என்ற செங்குத்து மலையின் மூலையைத் திரும்பும்போது சாலையோர மின்பலகையில் 17 என்றும், குபீர் என்று வீசும் காற்றுக்கு 25 என்றும் எழுதியிருந்தது. அதற்குள்ளேயே ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. மலை மறைவில் நின்று பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அவர் வாயிலிருந்து 'போதும்' வரட்டும் என்று நான், என் வாயிலிருந்து வரட்டும் என்று அவர். இதைப் பிறகுதான் ஒருவரிடம் ஒருவர் ஒப்புக்கொண்டோம்.

அவர் முன்னால் போனார். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. பலசாலி முன்னால் போய்க் காற்றைப் பிளந்தால், பின்னால் ஒட்டி வருகிறவருக்குப் பாரம் குறையும். சைக்கிள் பந்தயக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் பின்சக்கரத்தை ஒட்டியே போனால்தான் அந்த நிழல் கிடைக்கும். பக்கவாட்டில் ஒரு தள்ளு வந்து நாலு மீட்டர் பின்தங்கிவிட்டால் நிழல் போயிற்று. பிறகு அந்த நாலு மீட்டரைத் திரும்பப் பிடிக்கவே முடியாது. நாலு நாற்பதாகும், நாற்பது நானூறாகும். முன்னால் போகிறவருக்கு ஒன்றும் கேட்காது. காதில் காற்று மட்டும்தான்.

நான் விழுந்தது அப்படித்தான். என்னையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிச் சாலைக்கு வெளியே மணலில் போட்டது. முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. எழுந்து பார்த்தால் அவர் ஒரு சின்னப் புள்ளியாகத் தெரிகிறார். கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. சைக்கிளை நிமிர்த்தவும் முடியவில்லை, அதனால் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. என் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை.

திரும்பி வந்தார். காற்று முதுகில் இருந்ததால் மிதிக்காமலேயே பறந்து வந்தார். அதைப் பார்க்க இன்னும் எரிச்சல்.

"திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீங்களா?"

"நீ பின்னாலதான் வர்றேன்னு நெனச்சேன். உனக்காகத்தானே காத்தை வாங்கிட்டுப் போறேன்!"

"யாரு கேட்டா?"

கறுப்பு மணலுக்கு நடுவில் தமிழில் உச்சக் குரலில் சண்டை. அந்த நேரம் பார்த்து ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் எங்கள் அம்மா வயதுப் பெண்மணி. நலம்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கணவர் ஆமாம் என்றார், அதே நொடியில் நான் இல்லை என்றேன். அந்த அம்மா என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இறங்கிப் போய் வண்டியின் பின்கதவைத் திறந்தார்.

22 கிலோமீட்டர், இருபது நிமிடம். முகாமுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரம் முறுக்கிய இரும்பு உத்தரங்கள் நிற்கும். 1996இல் வந்த பனிப்பாறை வெள்ளம் பாலத்தைப் பிய்த்ததன் நினைவாக வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் சைக்கிளோடு நின்று படம் எடுக்க வேண்டும் என்று அவர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி அதைத் தாண்டும்போது ஜன்னல் வழியே பார்த்தார், நிறுத்தச் சொல்லவில்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அப்போதைக்கு அதைக் காட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

அன்று இரவு கூடாரக் கம்பு ஒன்று ஒடிந்தது. ஒடிந்த இடத்தில் மாட்ட ஒரு சின்ன உலோகக் குழாய் கூடாரப் பையிலேயே இருக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். நான் கம்பைப் பிடிக்க, அவர் குழாயை மாட்டி டேப் சுற்றினார். பேச்சு இல்லை. காலையில் நான் என் கைக்கண்ணாடியை, பொட்டு வைக்கும் வட்டக் கண்ணாடிதான், அவர் சைக்கிள் கைப்பிடியில் டேப் போட்டு ஒட்டினேன். ஓரத்தில் பழைய ஒட்டுப்பொட்டு ஒன்று அப்படியே இருந்தது. அவர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு எதிர்க்காற்று என்றால் அவர் முன்னால், மற்ற நேரமெல்லாம் நான் முன்னால். யார் முதலில் 'போதும்' என்றாலும் நின்றுவிட வேண்டும், டீ குடித்து முடிக்கும் வரை அதைப் பற்றி விவாதம் கூடாது என்றும் வைத்துக்கொண்டோம். அவருக்கு 22 கிலோமீட்டர் கோபம் ஆற இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. யோகுல்சார்லோன் ஏரியில் பனிக்கட்டிகள் கடலுக்கு மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "ஒரு நாள் காத்திருந்தா அதையும் ஓட்டியிருக்கலாம்" என்றார். உண்மைதான். அன்று காலையிலேயே காத்திருந்திருக்கலாம்.

மீதிப் பயணத்தை வேகமாகச் சொல்கிறேன். கிழக்கே ஓக்ஸி என்ற மண்சாலைக் கணவாயில் பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டே ஏறினோம், மேலே பனிமூட்டம், எதுவும் தெரியவில்லை. எகில்ஸ்தாதிர் தாண்டினால் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை, நாலு நாள் சாப்பாட்டைச் சுமந்தோம். மீவாத்ன் ஏரிக்குப் பெயரே கொசு மாதிரியான சின்னப் பூச்சிகளின் ஏரி என்றுதான் அர்த்தம். தலைக்கு வலை வாங்கியிருந்தேன், வீண்போகவில்லை. க்ரியா என்று ஒரு ஆலாப் பறவை, கூட்டுப் பக்கம் போனால் தலையில் கொத்தும். இருப்பதில் உயரமான இடத்தைத்தான் கொத்தும் என்பதால் நான் என்னைவிட உயரமான கணவரோடு ஒட்டியே நடந்தேன். கல்யாணத்தில் இப்படியும் சில வசதிகள்.

கடைசியில் போர்கார்னெஸ். அங்கிருந்து ரெய்க்யவிக் போகும் சாலை, கடலுக்கு அடியில் 5.8 கிலோமீட்டர் சுரங்கத்தில் நுழைகிறது. சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. ஹ்வால்பியோர்தூர் என்ற கடற்கழியைச் சுமார் 60 கிலோமீட்டர் சுற்றித்தான் போக வேண்டும். அவருக்கு இடது முழங்கால் வலி. "போதும்மா, பஸ்ல போயிடலாம். ஏற்கெனவே ஓட்டை விழுந்த வளையம்தானே" என்றார். எனக்கு ஓட்ட வேண்டும். ஆனால் எங்கள் விதிப்படி விவாதிக்க முடியாது. டீ போட்டேன். டீ முடிந்ததும் அவரே வரைபடத்தை எடுத்தார். "ரெண்டு நாளாப் போனா முட்டி தாங்கும்" என்றார்.

இரண்டு நாளாகவே போனோம். பயணத்திலேயே நல்ல நாட்கள் அவைதான். எல்லா வண்டியும் சுரங்கத்தில் போய்விடுவதால் சாலையில் ஆளில்லை, ஆடுகள்தான். இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவுக்குப் புறப்பட்ட கப்பல்கள் கூடி நின்ற இடம் அது. அந்தக் காலத்துப் படைக் கொட்டகைகள் இன்னும் கரையில் இருக்கின்றன. காற்று அறவே இல்லை, தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. மறுநாள் மதியம் சுரங்கத்தின் மறுவாயை வந்து சேர்ந்தபோது கார்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. உள்ளே நுழைந்து ஐந்தாறு நிமிடம் ஆகியிருக்கும் அவற்றுக்கு.

செலவு கேட்பவர்களுக்கு: முகாமில் ஒரு ஆளுக்கு 2000 குரோனா அளவில் கொடுத்தோம். கடையில் எல்லாமே விலை அதிகம். குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும், பாட்டில் தண்ணீர் வாங்கவே வேண்டாம்.

ரெய்க்யவிக் முகாமின் அதே அலமாரியில் பாதி சிலிண்டரையும் கால் பாட்டில் புளிக்காய்ச்சலையும் விட்டு வந்தோம். 'சாதத்தில் பிசையவும், காரம், ரொட்டியில் தடவ வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன், சிலிண்டர் அங்கேயே இருந்தது, பாட்டிலைக் காணவில்லை.