தோட்டத்துல தானா முளைக்கிற கீரைய சாப்பிடலாமா? களைக்கொல்லி அடிச்ச வரப்பு பக்கம் பறிக்கலாமா?

கேள்வி: மழை பேஞ்சதும் காய்கறி தோட்டம் முழுக்க பருப்புக்கீரை, குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, மணத்தக்காளின்னு தானா வருது சார். பிடுங்கி எறியறதுக்கு பதிலா வீட்டுக்கு சமைக்கலாம், மீதிய ஆட்டுக்கு போடலாம்னு இருக்கோம். போன வாரம் பருப்புக்கீரை செஞ்சது ஒரே புளிப்பு, தொண்டைல நமநமன்னு இருந்துச்சு. அதுக்கும் முந்தின வாரம் வரப்புல மட்டும் களைக்கொல்லி அடிச்சோம், ஆனா அங்க கீரை இன்னும் பச்சையாத்தான் நிக்குது. எது எப்ப பறிக்கலாம்?

பதில்: வணக்கங்க. மத்தது எல்லாம் அப்புறம், முதல்ல அந்த வரப்ப பேசிடுவோம். பச்சையா நிக்குதுன்னு நம்பி அதுல கை வெக்காதீங்க. கிளைபோசேட் மாதிரி உள்ள போயி வேலை செய்யற மருந்து அடிச்சா செடி வாட ஒரு வாரத்துக்கு மேல கூட ஆகும், அதுவரைக்கும் பாக்க நல்லாத்தான் இருக்கும். டப்பால "இத்தனை நாள் கழிச்சு அறுக்கலாம்"னு போட்டிருக்கறது பயிருக்கு சொன்ன கணக்கு, களைய யாராவது சமைப்பாங்கன்னு நெனச்சு போட்டது இல்ல. அதனால அந்த வரப்புல திரும்ப துளிர்த்து வந்தாக்கூட இந்த பட்டத்துக்கு வேண்டாம், ஆட்டுக்கும் வேண்டாம். சாக்கடை தண்ணி பாயற இடம், ரோட்டோரம் இதுவும் அப்படித்தான். என்ன செடின்னு பாக்கறதுக்கு முன்னாடி அது எங்க நிக்குதுன்னு பாருங்க.

இப்ப அந்த புளிப்பு. பருப்புக்கீரை தண்ணி பத்தாம காஞ்சு கெடந்தா ராத்திரில காத்த இழுத்து உள்ள அமிலமா சேத்து வெச்சுக்கும், பகல்ல வெயில் ஏற ஏற அத செலவு பண்ணிடும், அதனால வெயில் காலத்துல விடிகாலைல பறிச்சா புளிப்பு தூக்கலா இருக்கும், சாயங்காலம் பறிச்சா கம்மி. தொண்டை நமநமப்பு வேற விஷயம், அது ஆக்ஸலேட், கீரைலயே இருக்கற ஒரு உப்பு. நிறைய தண்ணில கொதிக்க விட்டு அந்த தண்ணிய கீழ ஊத்திட்டு அப்புறம் தாளிங்க. சத்து போகுதேன்னு நிறைய பேர் கேப்பாங்க, கொஞ்சம் போகும்தான், ஆனா ஆக்ஸலேட்டும், மண்ணுல இருந்து செடி உறிஞ்சி வெக்கற நைட்ரேட்டும் அதோட சேந்து போகுதே. தயிர் சேத்து சாப்பிட்டா அதுல இருக்கற கால்சியம் மிச்ச ஆக்ஸலேட்ட புடிச்சுக்கும். கிட்னில கல்லு வந்தவங்க இந்த கீரைய விட்டுடறது நல்லது.

பறிக்கும்போது இன்னொன்னு, தண்ட ஒடிச்சு பாருங்க. பருப்புக்கீரைல தண்ணிதான் கசியும், இலை தடிமனா வழவழன்னு இருக்கும். பால் வந்தா அது அம்மான் பச்சரிசி வகை, தரையோட படர்ந்து கிட்டத்தட்ட இதே மாதிரி தெரியும், தூக்கிப் போட்டுடுங்க.

குப்பைக்கீரையும் முள்ளுக்கீரையும் மழை விழுந்து ரெண்டு மூணு வாரத்துல, சாண் உயரம் வர்றதுக்குள்ள பறிங்க. பூ எடுத்துட்டா நார் விழுந்துடும், முள்ளுக்கீரைல இலைக்கணுல முள்ளும் வந்துடும். இது ரெண்டும் நைட்ரேட்ட சேத்து வெக்கற ஜாதி. யூரியா போட்ட பாத்தில, நாள்பட காஞ்சு கெடந்து அப்பத்தான் மழை பேஞ்ச சமயத்துல ரொம்ப ஜாஸ்தி, அதுலயும் தண்டுலதான் அதிகம், அதனால இலைய மட்டும் கிள்ளுங்க. சமைச்சத அன்னைக்கே தின்னு முடிச்சிடுங்க, வெளிய வெச்சு மறுநாள் சுட வெச்சா அதுக்குள்ள கிருமி அந்த நைட்ரேட்ட நைட்ரைட்டா மாத்தி வெச்சிருக்கும், கைக்குழந்தைக்கு அது ஆபத்து.

மணத்தக்காளி பெருசா தொந்தரவு இல்ல. இலைய வேக வெச்சு சாப்பிடுங்க, பழம் நல்லா கறுத்து பழுத்தப்புறம் மட்டும். பச்சைக்காய்ல சோலனின்ங்கற விஷம் இருக்கு, குழந்தைங்க வாய்ல போட்டுடாம பாத்துக்கங்க.

நீங்க கேக்கல, ஆனா எனக்கு பயம் ஊமத்தை மேலதான். அதே மழைக்கு அதுவும் முளைக்கும், சின்னதா இருக்கும்போது கீரையோட கையில சேந்து வந்துடும், வேக வெச்சாலும் அதோட விஷம் போகாது. அருவாள வெச்சு கொத்தா அறுக்காம ஒவ்வொரு செடியா பறிங்க, இலைய கசக்கினா கெட்ட வாடை வந்தா, இல்ல சந்தேகமா இருந்தாலே, போட்டுடுங்க.

பனி காலம் வந்தா இதெல்லாம் அடங்கிடும், அப்ப சக்கரவர்த்திக்கீரை வரும், இலை அடில மாவு பூசின மாதிரி இருக்கும். அதையும் கொதிக்க வெச்சு தண்ணிய வடிச்சுட்டுத்தான் செய்யணும்.

ஆட்டுக்கு: பட்டினியா இருக்கற ஆட்டுக்கு வெறும் குப்பைக்கீரை கட்டு கட்டா போடாதீங்க, நைட்ரேட் ஏறி மூச்சு வாங்க ஆரம்பிச்சிடும். முதல்ல காஞ்ச தீவனம், அப்புறம் கொஞ்சமா கீரை. பிடுங்கி மீந்த பருப்புக்கீரைய ஈர மண்ணு மேல விட்டுட்டு வந்துடாதீங்க, ஒடிஞ்ச துண்டு ஒவ்வொன்னும் வேர் பிடிச்சு அடுத்த வாரம் திரும்ப களை எடுக்க வேண்டி வரும்.