மழைக்கால மரவேலை ஷெட்டுக்கு எந்த ஹீட்டர்?

மார்த்தாண்டத்தில் கார் ஷெட்டில் மரவேலை செய்கிறீர்கள், மழை நாளில் உளியும் ரம்பமும் துருப்பிடிக்கின்றன, எந்த ஹீட்டர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் மாவட்டத்தில் தொல்லை குளிர் அல்ல, ஈரம். அதுவும் ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று. கேஸ் ஹீட்டர் பக்கமே போகாதீர்கள்: எரியும்போது நீராவியும் சேர்ந்தே வரும், மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. கம்பி சிவக்கிற ரகத்தில் மரத்தூள் பட்டால் தீப்பிடிக்கும். வாங்கியே தீருவேன் என்றால் எண்ணெய் நிரப்பிய ரகம் சரி. 2000 வாட் என்றால் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் வேண்டும்.

ஆனால் ஷட்டர் இடுக்கு வழியே சூடெல்லாம் போய்விடும், கரண்ட் பில்தான் மிச்சம். கருவிகளை மூடிய அலமாரியில் வைத்து, கீழ்த்தட்டில் பலகையில் படாமல் ஒரு 40 வாட் குண்டு பல்பை எரியவிடுங்கள். எல்.இ.டி. வேண்டாம், அவ்வளவு சூடு வராது. அப்புறம், உளிகளுக்கு மெஷின் ஆயில் ஒரு பூச்சு.