தொட்டி விண்ட்மில் பாம்: குளிருக்கு உள்ளே எடுக்கணுமா?

மாடியில் தொட்டியில் வளர்க்கும் விண்ட்மில் பாமின் (விசிறி இலை கொண்ட ஒரு பனை வகை) நடுக்குருத்து பழுப்பாகிறது, குளிருக்கு உள்ளே எடுக்கணுமா, சாக்கு சுற்றணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளே எடுக்க வேண்டாம், சாக்கு சுற்றவும் வேண்டாம். விண்ட்மில் பாம் மைனஸ் 10 டிகிரிக் குளிரையே தாங்கும். உங்கள் தண்டையார்பேட்டை மாடியில் மார்கழி இரவு 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இந்த மரத்துக்கு உண்மையான சோதனை சித்திரை வெயில்தான். இப்போது நடுக்குருத்து பழுப்பாவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் குருத்துக்குள் தேங்கியதால்.

குருத்தை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். அசையாமல் நின்றால் பயமில்லை. கையோடு வந்து, அடிப்பகுதி கொழகொழவென்று நாறினால் குருத்தழுகல். அழுகியதைச் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் கலந்து குழிக்குள் ஊற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் தொட்டியை மழை படாத, ஆனால் காற்றும் வெளிச்சமும் வரும் சன்ஷேடு அடிக்கு நகர்த்துங்கள். இந்த மரத்துக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான், அது போனால் மரமே போச்சு. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அடித்தட்டை இன்றே எடுத்துவிட்டு, தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மண் மாற்றுவதெல்லாம் தை பிறந்த பிறகு.

இலை நுனி மட்டும் காய்ந்திருந்தால் கதை வேறு. கடல் பக்கத்தில் இருப்பதால் அது உப்புக் காற்றாக இருக்கலாம். மருந்து வேண்டாம், நல்ல தண்ணீரில் இலையைக் கழுவிவிடுங்கள்.